ஒரு காலியிடத்துக்காக

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது வெர்மான்ட் மாநிலம். அங்கே ஆகப்பெரிய ஊர் பர்லிங்டன். ஆகப்பெரியது என்றாலும் மக்கள்தொகை 45,000-ஐத் தொடவில்லை. நம்மூர்க் கணக்கில் ஒரு தாலுகா தலைநகரம்தான். மேற்கே சாம்ப்ளெய்ன் ஏரி, ஏரிக்கு அக்கரையில் நியூயார்க் மாநிலத்து அடிரான்டாக் மலைகள். ஜனவரியில் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் நல்ல இருட்டு. வெள்ளிக்கிழமை என்றால் அந்த இருட்டில் ஒரு கூட்டம் பல்கலைக்கழக மேட்டை நோக்கி நடந்துபோகும். குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்ட அப்பாக்கள், பச்சைக் கம்பளித் தொப்பி போட்ட பாட்டிமார்கள், அந்தக் குளிரிலும் கையுறை போடாமல் வீறாப்பாக நடக்கும் மாணவர்கள். எல்லோரும் போவது கட்டர்சன் அரங்கத்துக்கு, கல்லூரி ஐஸ் ஹாக்கி பார்க்க.

பாஸ்டனிலிருந்து பேருந்தில் வந்து இறங்கி நானும் அவர்களோடு நடந்தேன். வரும் வழியில் நியூ ஹாம்ப்ஷயரின் காடுகள் முடிந்து கனெக்டிகட் ஆற்றைத் தாண்டியதும் சாலை ஓரம் ஏதோ குறைகிறதே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர்தான் சொன்னார்: விளம்பரப் பலகைகள் இல்லை. வெர்மான்ட் 1968-லேயே அவற்றைச் சட்டம் போட்டு ஒழித்துவிட்டதாம். பனி, மரம், தொழுவம், மறுபடியும் பனி. கண்ணுக்கு நல்ல ஓய்வு.

நான் வந்தது டிம் தாமஸ் என்ற கோல்கீப்பருக்காக. 1993 முதல் 1997 வரை இந்தக் கல்லூரி அணியின் வலையைக் காத்தவர் அவர். பிறகு பல ஆண்டுகள் சின்ன லீக்குகளிலும் வெளிநாட்டு லீக்குகளிலும் அலைந்தார். 2011-இல், 37 வயதில், பாஸ்டன் அணியோடு ஐஸ் ஹாக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். அமெரிக்க விளையாட்டுப் பக்கங்களில் இந்தக் கதையைச் சொல்வதற்கென்றே ஒரு ராகம் இருக்கிறது: விடாமுயற்சி, தன்னம்பிக்கை, உழைப்பவனுக்கு ஒருநாள் விடியும். எனக்கு அந்த ராகம் கொஞ்சமும் ஒட்டவில்லை. ஒட்டாததற்கு என்ன காரணம் என்று அவர் ஆடிய அரங்கங்களில் உட்கார்ந்து பார்த்தால் பிடிபடும் என்று நினைத்தேன்.

கட்டர்சன் என்பவர் ஹாக்கிக்காரர் அல்ல. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நீளம் தாண்டுதலில் தங்கம் வாங்கிய ஆல்பர்ட் கட்டர்சன், இந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். 1963-இல் கட்டிய பனியரங்கத்துக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். நெருக்கியடித்து உட்கார்ந்தால் நாலாயிரம் பேர் கொள்ளும். கூரை தாழ்வு, அதனால் சத்தம் வெளியே போகாமல் திரும்பத் திரும்ப நம் தலையிலேயே விழுகிறது. மாணவர்களின் பேண்டு வாத்தியக் குழு ஒரு மூலையில் டிரம்பெட்டை வைத்துக்கொண்டு ஒரு பொழுதும் சும்மா இருப்பதில்லை. பாப்கார்ன் வாசனை, ஈரக் கம்பளி வாசனை, பனித்தளத்திலிருந்து எழும் இரும்பு மாதிரியான குளிர் வாசனை.

அணியில் முதலில் பனியில் இறங்குவது கோல்கீப்பர்தான். நான் வலைக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்பை ஒட்டி இடம் பிடித்திருந்ததால் அவர் செய்வதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. வலைக்கு முன்னால் நீலம் பூசிய அரைவட்டம் இருக்கும். அது அவருடைய ராஜ்ஜியம். அப்போதுதான் வண்டி ஓட்டிப் புதிதாக நீர் பூசி உறையவைத்த பனி என்பதால் அது கண்ணாடி போல வழுக்கும். அந்த அரைவட்டத்தை ஸ்கேட்டின் விளிம்பால் இடமும் வலமுமாகக் கீறிக் கீறி அவர் சொரசொரப்பாக்கினார். பக்கவாட்டில் உந்தும்போது கால் பிடிக்க வேண்டுமே! உழுது முடித்த பிறகு, மட்டையால் இடது கம்பத்தை ஒரு தட்டு, வலது கம்பத்தை ஒரு தட்டு. திரும்பிப் பார்க்காமலே கம்பம் எங்கே இருக்கிறது என்று உடம்புக்குச் சொல்லி வைக்கும் வேலை அது. தண்ணீர் பாட்டிலை வலையின் மேல் வைத்தார். மாஸ்க்கை இறக்கினார். அத்தோடு முகம் போய்விட்டது; இனி மூன்று இருபது நிமிடங்களுக்கு அவர் ஒரு வடிவம் மட்டுமே.

காக்க வேண்டிய வலை ஆறடி அகலம், நான்கடி உயரம். வந்து விழுவது மூன்று அங்குல விட்டமும் ஒரு அங்குலத் தடிமனும் உள்ள ரப்பர் வட்டு. துள்ளாமல் இருக்க அதை முன்கூட்டியே உறையவைத்துக் கொண்டுவருகிறார்கள். எதிரணி வீரர் நீலக்கோட்டிலிருந்து ஓங்கி அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும்; வலைக்கு வந்துசேர அரை வினாடி போதும். அதற்கும் நடுவில் நாலைந்து பேர் குறுக்கே நின்று பார்வையை மறைப்பார்கள். பார்த்துத் தடுப்பது பாதி, இங்கேதான் வரும் என்று முன்கூட்டி நின்றுகொள்வது மீதி.

தாமஸ் இங்கே ஆடியபோது அணியில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மார்டின் சான் லூயி, எரிக் பெர்ரான். இருவரும் மான்ட்ரியாலை ஒட்டிய லவால் ஊர்ப் பையன்கள், சிறு வயதிலிருந்தே கூட்டாளிகள். பிரெஞ்சு பேசும் இரண்டு குள்ளமான முன்கள வீரர்களும், மிச்சிகனிலிருந்து வந்த ஒரு கோல்கீப்பரும் சேர்ந்து இந்தச் சின்னக் கல்லூரியை 1996-இல் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்குள் கொண்டுபோனார்கள். சின்சினாட்டியில் நடந்த அரையிறுதியில் கொலராடோ கல்லூரியிடம் இரண்டாவது கூடுதல் நேரத்தில் 4-3 என்று தோற்றார்கள். வெற்றி கோலுக்குச் சற்று முன்னால் எதிரணிக்காரர் ஒருவர் வட்டைக் கையால் தள்ளிவிட்டார், நடுவர் பார்க்கவில்லை என்பது பர்லிங்டனின் வழக்கு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் 1996 என்று வாயெடுத்தேன். ஆண்டைச் சொன்னது போதும், அவர் உள்ளங்கையை விரித்துக் காற்றில் எதையோ தள்ளிக் காட்டினார். அந்தத் தோல்வியை இந்த ஊர் இன்னும் மேல்முறையீட்டிலேயே வைத்திருக்கிறது.

கல்லூரியில் தாமஸ் 81 வெற்றிகள் கண்டார். படித்துக்கொண்டிருக்கும்போதே, 1994-இல், பெரிய லீக்கின் ஆண்டுத் தேர்வில் கியூபெக் அணி அவரைத் தேர்வு செய்திருந்தது. ஆனால் 217-ஆவது ஆளாக. பட்டியலில் அவ்வளவு கீழே பெயர் வந்தால் அது வாக்குறுதி அல்ல, மரியாதை. அடுத்த ஆண்டே அந்த அணி கியூபெக்கை விட்டு டென்வருக்குப் போய்விட்டது.

அவர் பிறந்தது ஃபிளின்ட், ஜெனரல் மோட்டார்ஸ் வளர்த்துக் கைவிட்ட கார் தொழிற்சாலை நகரம். கோல்கீப்பர் பயிற்சி முகாமுக்குப் பணம் கட்ட அவருடைய பெற்றோர் திருமண மோதிரங்களை விற்றார்கள். இந்தத் தகவலைப் பாஸ்டன்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். கேட்கிற எவருக்கும் மனம் இளகும், எனக்கும்தான். ஆனால் மோதிரம் விற்ற பெற்றோர் ஃபிளின்டில் இவர்கள் மட்டுமா இருந்திருப்பார்கள்?

இனி எண்ணிக்கைக்கு வருவோம். 1997-இல் தாமஸ் கல்லூரியை விட்டு வெளியே வந்தபோது பெரிய லீக்கான என்.எச்.எல்.-இல் 26 அணிகள் இருந்தன. அணிக்கு இரண்டு கோல்கீப்பர்கள். ஆக மொத்தம் 52 வேலைகள். அதிலும் உண்மையில் ஆடுகிறவர்கள் 26 பேர்; மற்றவர்கள் பெஞ்சு. முன்கள வீரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒருவர் சோர்ந்தால் அடுத்தவர் உள்ளே போவார், ஒரே இரவில் பன்னிரண்டு முன்கள வீரர்கள் ஆடுவார்கள், நன்றாக ஆடினால் நான்காவது வரிசையிலிருந்து மூன்றாவதுக்கு நகரலாம். கோல்கீப்பருக்கு நகர்வதற்கு வரிசையே கிடையாது. முன்னால் இருப்பவர் காயப்பட வேண்டும், சொதப்ப வேண்டும், வயதாக வேண்டும், அல்லது விற்கப்பட வேண்டும். நம்மவர்களுக்குச் சட்டென்று விளங்க வேண்டுமானால் தினேஷ் கார்த்திக்கை நினைத்துக்கொள்ளலாம். 2004-இல் தோனிக்குச் சில மாதம் முன்னாலேயே இந்திய அணிக்குள் வந்தவர். பிறகு ஒன்றரைப் பத்தாண்டு என்ன ஆனது என்று தெரியும். அவர் கையில் மட்டையாவது இருந்தது, வெறும் துடுப்பாட்டக்காரராகவும் இடம் கேட்கலாம். ஐஸ் ஹாக்கி கோல்கீப்பருக்கு அந்த இரண்டாவது தொழிலும் இல்லை.

கல்லூரிக்குப் பிறகு தாமஸ் போன ஊர்களுக்கும் போய்ப் பார்க்கலாம் என்றுதான் முதலில் திட்டமிட்டேன். வரைபடத்தை விரித்தபோது அது கல்லறைப் பட்டியல் போலிருந்தது. அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமில், வெயில் கொளுத்தும் தெற்கில், ஈ.சி.எச்.எல். என்ற கீழ்மட்ட லீக்கில் ஒரு சில ஆட்டங்கள் ஆடினார்; அந்த அணி 2001-இல் ஊரை விட்டுப் போய்விட்டது. ஹூஸ்டனில் ஒரே ஒரு ஆட்டம்; அந்த அணியும் பிற்பாடு அயோவாவுக்கு மூட்டை கட்டியது. கனடாவின் ஹாமில்டனில் அவர் ஆடிய அணி 2015-இல் வேறு ஊருக்குப் போனது. டெட்ராய்ட் வைப்பர்ஸ் அணி ஆடியது ஆபர்ன் ஹில்ஸில் இருந்த பேலஸ் அரங்கத்தில், அவர் பிறந்த ஃபிளின்டுக்குப் பக்கத்தில்தான். அந்த அணி இருந்த ஐ.எச்.எல். லீக் 2001-இல் அப்படியே கலைந்தது. பேலஸ் அரங்கத்தை 2020-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். சின்ன லீக்குகளில் வீரர்கள் மட்டும் இடம் மாறுவதில்லை. ஊர்களே பட்டியலிலிருந்து உதிர்ந்துபோகின்றன. போய்ப் பார்க்க எனக்கு மிஞ்சியவை மூன்று: பர்லிங்டன், பாஸ்டன், பிராவிடன்ஸ்.

பின்லாந்தையும் சொல்ல வேண்டும். அங்கே போகும் வசதி எனக்கில்லை, ஆனால் என் வாதத்துக்கு முக்கியமான சாட்சி அங்கேதான் இருக்கிறது. 1998-இல் தாமஸ் ஹெல்சிங்கியின் ஐ.எஃப்.கே. அணிக்காக ஆடினார், அணி சாம்பியன், அவர் அந்த ஆண்டின் சிறந்த கோல்கீப்பர். அப்போது வயது 24. அமெரிக்கா திரும்பினார், இடமில்லை. ஸ்வீடன் போனார், திரும்ப பின்லாந்தின் ஊலு நகரம். 2002 அக்டோபரில், 28 வயதில், பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காக எட்மன்டனில் முதல் என்.எச்.எல். ஆட்டம் ஆடி, ஜெயித்தும் காட்டினார். அந்தப் பருவத்தில் மொத்தம் நான்கு ஆட்டங்கள் கொடுத்துவிட்டு, தங்கள் கீழ்மட்ட அணி ஆடும் பிராவிடன்ஸுக்குத் திருப்பி அனுப்பினார்கள். 2004-05-இல் சம்பளத் தகராறில் என்.எச்.எல். பருவம் முழுவதும் ரத்தானபோது மறுபடி ஹெல்சிங்கி, இந்த முறை யோக்கெரித் அணி. ஒரு கோல்கூட விடாமல் 15 ஆட்டங்களை முடித்தார். லீக்கின் மிகச் சிறந்த வீரர் யார் என்று ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டுக் கொடுக்கும் தங்கத் தலைக்கவசம் அவருக்குக் கிடைத்தது. அப்படியும் அடுத்த ஆண்டு அவருக்குக் கிடைத்த இடம் பிராவிடன்ஸ்தான்.

2006 ஜனவரியில் பாஸ்டனின் இரண்டு கோல்கீப்பர்களும், ஆண்ட்ரூ ரேகிராஃப்ட், ஹான்னு தொய்வொனென், அடுத்தடுத்துக் காயப்பட்டார்கள். வலை காலி. கூப்பிடு தாமஸை!

அவருக்கு அப்போது 31. ஒரு வாரத்துக்கு முன்னால் இருந்ததைவிட அவர் எந்த விதத்திலும் நல்ல கோல்கீப்பர் ஆகிவிடவில்லை. காலியிடம் வந்தது, அவ்வளவுதான். விடாமுயற்சிக் கதை எனக்கு ஒட்டாததன் காரணம் இதுதான். விடாமுயற்சி இல்லாமல் இது நடந்திருக்காது என்பது சரி. ஆனால் அதே அளவு விடாமுயற்சியோடு, அதே அளவு திறமையோடு, முன்னால் நின்றவரின் முழங்கால் கடைசிவரை நன்றாகவே இருந்துவிட்ட காரணத்தால் ஓய்வுபெற்றுப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களைப் பற்றி எவரும் கட்டுரை எழுதுவதில்லை.

தேர்வாளர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கு ஒரு வெளிப்படையான காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்லிக்கொடுத்தது பட்டாம்பூச்சிப் பாணி: இரண்டு முழங்காலையும் சேர்த்துத் தரையில் இறக்கி, பேட் கட்டிய கால்களை இரண்டு பக்கமும் விரித்து, வலையின் கீழ்ப்பகுதியைச் சுவர் மாதிரி அடைத்துவிடுவது. உயரமான, அமைதியான, அதிகம் அசையாத கோல்கீப்பர்களுக்கு ஏற்ற முறை. தாமஸ் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அமைதிக்கும் அவருக்கும் வெகுதூரம். அரைவட்டத்தை விட்டு முன்னேறி வந்து வம்புக்கு நிற்பார், விழுவார், முதுகில் உருண்டுகொண்டே காலைத் தூக்கித் தடுப்பார். 2011 இறுதிப் போட்டியின் மூன்றாவது ஆட்டத்தில், வலைக்கு முன்னால் வந்த வான்கூவர் அணித்தலைவர் ஹென்றிக் செடினைத் தோளால் இடித்துத் தரையில் சாய்த்தார். கோல்கீப்பர்கள் செய்யும் காரியம் அல்ல அது. ஒழுங்காகப் பயின்று வந்தவர்களுக்கு அந்த ஆட்டத்தைப் பார்த்தால் பயமாக இருந்திருக்கும். தப்பித் தவறி நடக்கிறது, நாளைக்கு நடக்காது என்று நினைத்திருப்பார்கள். நாளைக்கும் நடந்தது என்பதை ஒப்புக்கொள்ளப் பத்தாண்டு எடுத்தது.

பாஸ்டனில் நான் அதிகம் நிற்கவில்லை. நார்த் ஸ்டேஷன் ரயில் நிலையத்தின் தலைமேலேயே டி.டி. கார்டன் அரங்கம், கூரையிலிருந்து கோப்பைக் கொடிகள் தொங்குகின்றன. 1972-க்குப் பிறகு 39 ஆண்டு இடைவெளி, அடுத்த கொடி 2011. அந்தப் பருவத்தில் தாமஸ் தன்மேல் வந்த அடிகளில் நூற்றுக்கு 93.8-ஐத் தடுத்தார், டொமினிக் ஹாஷெக் என்ற கோல்கீப்பரின் சாதனையை அது தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டு இடுப்பு வலியோடு பெஞ்சில் உட்கார்ந்து, பின்லாந்து இளைஞர் டூக்கா ராஸ்க் தன் வலையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். வான்கூவர் ஒலிம்பிக்குக்கும் மாற்று கோல்கீப்பராகத்தான் போய் வெள்ளியோடு வந்தார்.

எனக்கு அந்த ஆண்டில் பிடித்த ஆட்டம் இறுதிப் போட்டி அல்ல, அதற்கு முந்தைய சுற்று. எதிரணி டாம்பா பே. அதன் நட்சத்திரம், பர்லிங்டனின் அதே சான் லூயி. அவரை எந்த அணியும் தேர்வுப் பட்டியலில் எடுக்கவே இல்லை. ஐந்தடி எட்டங்குலம் போதாது என்றார்கள். 2004-இல் டாம்பாவுக்குக் கோப்பை வாங்கித் தந்து, அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருதையும் எடுத்துக்கொண்டவர் அவர். நாலாயிரம் பேர் அரங்கத்தில் தினமும் பயிற்சியில் ஒருவர் அடிக்க ஒருவர் தடுத்துப் பழகிய இருவரும், முப்பதைத் தாண்டிய வயதில் ஏழாவது ஆட்டம்வரை முட்டிக்கொண்டார்கள். 2011 மே 27, பாஸ்டன் 1-0. அதன்பின் ஜூன் 15 அன்று வான்கூவரில் இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம், 4-0. அன்று தாமஸ் தடுத்தவை 37. கோப்பைச் சுற்றின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதை அவ்வளவு வயதில் யாரும் வாங்கியதில்லை.

அடுத்த ஜனவரியில் அணி வெள்ளை மாளிகைக்குப் போனபோது, அரசாங்கம் கட்டுமீறி வளர்ந்துவிட்டது என்று அறிக்கை விட்டுவிட்டு அவர் போகவில்லை. பாஸ்டன் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பிறகு ஒரு பருவம் ஆடாமலே இருந்தார், பிறகு ஃபுளோரிடா, டல்லாஸ், ஓய்வு. ஆண்டுக்கணக்கில் சத்தமே இல்லை. 2019 டிசம்பரில், அமெரிக்க ஹாக்கியின் புகழ்வரிசையில் சேர்க்கப்பட்ட அன்று வாஷிங்டனில் வாய் திறந்தார். 2013-இல் ஃபுளோரிடாவில் பயிற்சியின்போது தலையில் பட்ட அடிக்குப் பிறகு மூளையைப் படமெடுத்துப் பார்த்ததில், மூன்றில் இரண்டு பங்குக்கு ஐந்து சதவீதம்கூட ரத்த ஓட்டம் இல்லையாம். ஹாக்கி ஆட்டத்தைப் பார்த்துப் பின்தொடர முடியாத காலமும் இருந்தது என்றார். கோல்கீப்பர் மாஸ்க் 1959-இல் ஜாக் பிளான்ட் முகத்தில் ஏறியதிலிருந்து எவ்வளவோ முகங்களைக் காப்பாற்றியிருக்கிறது. மண்டைக்குள் இருப்பது குலுங்குவதை அதால் நிறுத்த முடியாது. அவர் தடுத்த ஆயிரக்கணக்கான வட்டுகளில் எத்தனை மாஸ்க்கில் பட்டவை என்று எந்தப் புள்ளிவிவரமும் எழுதி வைப்பதில்லை.

பிராவிடன்ஸ், பாஸ்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஒரு பக்கம் ரோட் ஐலண்டு சட்டமன்றத்தின் வெள்ளைப் பளிங்குக் கோபுரம், மறுபக்கம் பத்து நிமிட நடையில் அரங்கம். 1972-இல் நகர மைய அரங்கமாகப் பிறந்து, பிறகு டோனட் கடையின் பெயரைத் தாங்கி, இப்போது காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில் அமிக்கா மியூச்சுவல் பெவிலியன். பதினோராயிரம் இருக்கை, வாரநாள் இரவில் பாதி காலி. கல்லூரியின் பேண்டு இங்கே இல்லை, அதற்குப் பதில் ஒலிபெருக்கி. ஒவ்வொரு இடைவேளையிலும் எதையாவது விற்கிறார்கள். இங்கே ஆடுவது ஏ.எச்.எல்., பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே. பலருக்கு ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு சம்பளம்: மேலே கூப்பிட்டால் ஒன்று, இங்கே இருந்தால் அதில் ஒரு சிறு பங்கு.

இப்போதெல்லாம் இந்தப் பாதை கொஞ்சம் வேகமாகியிருக்கிறது. மேய்ன் பல்கலைக்கழகத்தில் ஆடிய ஜெரமி ஸ்வேமன், கல்லூரியை விட்டுவந்த மறு பருவத்திலேயே பிராவிடன்ஸையும் தாண்டி பாஸ்டன் வலையில் நின்றுவிட்டார். ராஸ்க்கின் காயம் அதற்கு வழி விட்டது. அந்த ராஸ்க்கும் ஒரு காலத்தில் இதே பிராவிடன்ஸில் தாமஸ் நகர்வதற்காகக் காத்துக்கிடந்தவர்தான். எல்லை தாண்டிய விசித்திரங்களும் இந்தத் தொழிலில் உண்டு. மேற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடி முடித்து, கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஸ்காட் ஃபாஸ்டர் 2018 மார்ச்சில் ஓர் இரவு சிகாகோ அரங்கத்தில் அவசரத்துக்கான ஆளாக இருந்தார். அணியின் கோல்கீப்பர்கள் காயப்பட, பதினான்கு நிமிடம் வலையில் நின்று ஏழு அடிகளைத் தடுத்தார். பிறகு மறுபடி கணக்கு வேலை.

நான் பார்த்த ஆட்டத்தில், பக்கத்து ஸ்பிரிங்ஃபீல்ட் அணிக்கு எதிராக, என் கண் பெரும்பாலும் வட்டின்மேல் இல்லை. பிராவிடன்ஸ் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாற்று கோல்கீப்பர்மேல் இருந்தது. பேட், மார்புக் கவசம் எல்லாம் முழுக்கக் கட்டியிருந்தார். தலையில் மட்டும் மாஸ்க்குக்குப் பதில் தொப்பி. அவருக்கு ஒரு வேலை உண்டு. வீரர்கள் மாறும்போது பெஞ்சின் சின்னக் கதவைத் திறந்து மூட வேண்டும். நாற்பது விநாடிக்கு ஒருமுறை திறப்பு, மூடல், திறப்பு, மூடல். அதை அவர் மிகச் சரியாகச் செய்தார்.

இரண்டாவது பகுதியின் நடுவில் ஆட்டம் நின்றது. வலையில் இருந்தவருக்கு ஸ்கேட்டின் கத்தி கழன்றுவிட்டது. ஒற்றைக் காலில் தத்தியபடி பெஞ்சை நோக்கி வந்தார். மாற்று கோல்கீப்பர் எழுந்தார். தொப்பியைக் கழற்றிப் பின்னால் வைத்தார். மாஸ்க்கை எடுத்து அதன் வாரை விரலால் நீவினார். முழங்காலை மடக்கி ஒருமுறை உட்கார்ந்து எழுந்தார். பயிற்சியாளர் அவர் பக்கம் திரும்பவில்லை. உபகரண ஊழியர் குனிந்து, பழைய கத்தியை உருவி, புதியதைச் சொருகினார். டக்கென்று ஒரு சத்தம். மொத்தமும் ஒரு நிமிடம்கூட இல்லை. முதல் கோல்கீப்பர் வலைக்குத் திரும்பினார். இவர் மாஸ்க்கை அதன் இடத்தில் வைத்துவிட்டு, தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்தார்.

என் முன் வரிசையில் பருவ டிக்கெட் வைத்திருக்கும் ஒருவர் இருந்தார். இருபது வருடமாக வருகிறாராம். அந்தக் கதவுக்காரரைப் பற்றிக் கேட்டேன். போன வருடம் ஈ.சி.எச்.எல்.-இல் இருந்தவர், நல்ல பையன், கிளவுஸ் வேகமானது, ஆனால் மேலே இரண்டு பேர், இங்கே ஒருவர் என்று விரல் மடக்கினார். வெள்ளி, சனி, ஞாயிறு என்று அடுத்தடுத்து மூன்று ஆட்டம் வந்தால் ஞாயிறு பெரும்பாலும் இரண்டாவது ஆளுக்குத்தான் கொடுப்பார்கள், இந்த வாரம் அப்படித்தான் என்றார். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு. கூட்டம் இருக்காது, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்.

சனிக்கிழமை பாஸ்டனுக்குத் திரும்புவதாக இருந்தேன். வெளியே வரும்போது டிக்கெட் ஜன்னலில் ஞாயிற்றுக்கிழமைக்கு வலைக்குப் பின்னால் இடம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. எத்தனை வேண்டும் என்றார் அந்தப் பெண்.